ஊரார் எடுத்த வித்தியாசாலை
புக்கர் வாஷிங்டன் சரித்திரச் சுருக்கம்

ஒரு பாடசாலையை நிலைபெறச் செய்வன யாவையென வினவின், நிலமும் கட்டடமும் பொருளுமென்று பலரும் விடை கூறுவர். அவை வேண்டுவனவே. ஆயினும், அவையெல்லாம் நிரம்பியிருந்தும் பாழ்பட்ட பாடசாலைகளும் உள. அவற்றுள் யாதுமின்றித் தொடங்கி ஓங்கிய பாடசாலைகளும் உள. பின்னையவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்துள்ள அலபாமா மாகாணத்திலே, டஸ்கீகி என்னுஞ் சிற்றூரில், 1881ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கி முப்பத்துநான்கு ஆண்டு நடத்தியவர் புக்கர் வாஷிங்டன் என்னும் ஆசிரியர். அடிமைக் குடிசையிற் பிறந்து, தம்மினத்தாருக்குக் கல்வித் தந்தையாய் விளங்கிய இவருடைய சரித்திரத்திலே, ஆசிரியத்தொழில் பூண்டோர் ஓர்ந்துணரத்தக்கன பல உளவாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

வாஷிங்டன் 1856ஆம் ஆண்டு வர்ஜீனியா மாகாணத்திலே ஒரு தோட்டத்திற் பிறந்தார். தாயார் ஜேன் என்பவர் தோட்டத்து எசமானரின் சமையற்காரி. தந்தையார் ஒரு வெள்ளையர் என்பதன்றி வேறொன்றும் இவர் அறிந்திலர். சமையலறையே குடும்பத்தின் இல்லம். மண்டரையில் விரித்த கந்தற்றுணியே படுக்கை. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைத் தென்மாகாணங்கள் பல அக்காலத்திற் சட்டத்தால் விலக்கியிருந்தன. எசமானரின் புதல்வியாருடைய புத்தகங்களைச் சுமந்து பாடசாலை வாயில்வரை செல்லுதல் இச்சிறுவருக்கு வாய்த்தது. உள்ளே செல்லுதல் வாய்க்கவில்லை. வாயிலில் நின்று, பிள்ளைகள் வாங்குகளிலிருந்து படித்தலைக் கண்ட அக்காட்சி இவருள்ளத்தை விட்டு ஒருபோதும் அகன்றதில்லை.

1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுற, அடிமைகள் விடுதலையெய்தினர். தாயார் தம் பிள்ளைகளுடன் மலைகளைக் கடந்து, பெரும்பாலும் காலாலே நடந்து, மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊரையடைந்தார். அங்கே சிற்றப்பனார் உப்புக் காய்ச்சும் உலையில் வேலைசெய்தார். சிறுவரும் அவ்வுலைக்கே அனுப்பப்பட்டார். சிற்றப்பனாருடைய பீப்பாய்களுக்குப் பதினெட்டு என்னும் இலக்கம் இடப்பட்டது. அவ்விலக்கமே இவர் முதன்முதல் வாசிக்கப் பயின்ற எழுத்து. தாயார் தாம் ஓரெழுத்தும் அறியாதவராயிருந்தும், எப்படியோ ஓர் அரிச்சுவடியைத் தேடிக் கொடுத்தார்.

அவ்வூரிலே கறுப்பின மக்களுக்குப் பாடசாலை இல்லை. அதனை நடத்த அரசினர் பணமும் இல்லை. ஏழைத் தொழிலாளராகிய அம்மக்கள் தாமே கூடி, குடும்பத்துக்கு இவ்வளவென மாதந்தோறும் பணங் கொடுத்து ஓராசிரியரை அமர்த்தினர். ஆசிரியருக்கு உணவும் உறையுளும் முறைவைத்து அளிக்கப்பட்டன. நாளொரு வீடாக அவர் உண்டு தங்கினார். தங்கள் வீட்டுக்கு ஆசிரியர் வரும் நாளைச் சிறுவர் விழாநாள்போல எதிர்பார்த்திருந்தனர். பிள்ளைகள் மாத்திரமன்றி, இறக்குமுன் ஒருமுறை எழுத்தைப் படித்தறிய விரும்பிய முதியோரும் எழுத்தறிய முந்தினர். ஊரார் தம் கைப்பொருளால் ஒரு பாடசாலையைத் தாங்குதல் கூடுமென்பதை வாஷிங்டன் நூலிற் கற்றவரல்லர். இளமையிற் கண்ணாரக் கண்டவர்.

ஆயினும், சிறுவரின் கூலி குடும்பத்துக்கு வேண்டியிருந்தமையால், பகற்பாடம் இவருக்கு நெடுநாட் கிடைத்திலது. முதலில் இராப்பாடம் கேட்டார். பின்பு, விடியுமுன் எழுந்து ஒன்பது மணிவரை உலையில் வேலை செய்து, பாடசாலை சென்று, மாலையில் மீளவும் வேலைசெய்ய இசைவு பெற்றார். பாடசாலையில் ஆசிரியர் பெயர்ப்பதிவு செய்தபோது ஏனையோருக்கு இரண்டு பெயர் இருத்தலைக் கேட்டு, தமக்கு ஒன்றேயுள்ளதென உணர்ந்து, வாஷிங்டன் என்னும் பெயரைத் தாமே அங்கே சூட்டிக்கொண்டார்.

ஹாம்ப்டன் கல்விச்சாலை

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கையில், தொழிலாளர் இருவர் தம்முட் பேசிக்கொண்டதை இருளிலே ஒட்டிநின்று கேட்டு, ஹாம்ப்டன் என்னுமிடத்தில் ஏழை மாணாக்கர் வேலைசெய்து கற்றற்குரிய கல்விச்சாலை ஒன்று உண்டென அறிந்தார். அது எத்திசையிலுள்ளது, எவ்வளவு தூரம், அங்கே செல்வதெவ்வாறு என்பன யாதும் அறியாதிருந்தும், அங்கே போதல் வேண்டுமென்பது அன்றே உறுதியாயிற்று. 1872ஆம் ஆண்டு புறப்பட்டபோது, ஊரிலுள்ள முதியோர் ஐந்து சதம், இருபத்தைந்து சதம், ஒரு கைக்குட்டை என்று தத்தம்மாலியன்றதைக் கொணர்ந்து கொடுத்தனர். தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை அடிமைத்தனத்திற் கழித்த அவர்கள், தம்மினத்துச் சிறுவனொருவன் விடுதிச்சாலைக்குக் கற்கப் போதலைக் காண்போமென எண்ணியிருந்தவர்களல்லர். அச்சில்லறையின் நிறையை இவர் பிற்காலத்தும் மறந்திலர்.

ஹாம்ப்டன் ஏறக்குறைய ஐந்நூறு மைல். கைப்பணம் வழியிலே முடிந்தது. ரிச்மண்ட் நகரத்திலே பலகைப் பாவிய நடைபாதையின் கீழ்ப் புகுந்து, துணிப்பையைத் தலைக்கணையாக வைத்து இரவில் உறங்கினார். பகலிற் கப்பலில் இரும்பு இறக்கி வழிச்செலவு தேடினார். ஹாம்ப்டனை அடைந்தபோது கையிலிருந்தது ஐம்பது சதம். அழுக்குடையும் பசித்த முகமுமாய் வந்த இளைஞரைச் சேர்ப்பதோ விடுப்பதோ என ஐயுற்ற தலைமை ஆசிரியை மேரி மக்கி அம்மையார், சில மணிநேரங் கழித்து, அடுத்த வகுப்பறையைப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அவ்வறையை மூன்றுமுறை பெருக்கி, நான்குமுறை தூசி துடைத்தார். அம்மையார் தம் கைக்குட்டையாற் சுவரையும் மேசையையும் வாங்குகளையும் துடைத்துப் பார்த்து, ஒரு தூசியுங் காணாராய், இவரைச் சேர்த்துக்கொண்டார். அதுவே இவருடைய பிரவேசப் பரீட்சை.

உணவுச்செலவுக்கு ஈடாக இவர் அறைகளைக் காக்கும் ஏவல்வேலை செய்தார். கல்விச் சம்பளத்தை வடபாகத்து உபகாரியொருவர் கொடுத்தார். இரண்டு விரிப்புகளை நடுவிற்பட்டு உறங்குதற்கு இட்டிருந்தமை அறியாமல், முதலிரவு இரண்டின்கீழும், மறுநாள் இரண்டின்மேலும் படுத்து, மூன்றாநாட் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்பதும் சொல்லப்படும். ஒழுங்கும் தூய்மையும் கல்வியின் பகுதிகளென்று இவர் கருதியது ஹாம்ப்டன் தந்த பேறேயாம்.

அச்சாலைத் தலைவர் ஜெனரல் ஆம்ஸ்ட்ரோங். மாணாக்கர் அவர்மேல் வைத்திருந்த அன்புக்கு ஒன்று கூறுதும். மாணாக்கர் தொகை பெருகி விடுதியில் இடம்போதாமையால், புதியோரைத் திருப்பியனுப்ப வேண்டிய நிலைமை வந்தது. மூத்த மாணாக்கர் சிலர் குளிர்காலத்தைக் கூடாரங்களிற் கழிப்பாராயின் அறைகள் ஒழியுமென்று தலைவர் விரும்புகின்றார் என்னுஞ் செய்தி பரவியவுடன், பெரும்பாலும் எல்லா மாணாக்கருமே கூடாரம் புக முன்வந்தனர். வாஷிங்டனும் அவருள் ஒருவர். கொடுங்குளிரில், இரவிற் காற்றாற் கூடாரம் பெயர்ந்து விழவும், ஒருவரேனும் முறையிட்டிலர். பாடசாலைப் பற்றென்பது இதுவே: இன்னும் ஒருவன் கற்றற்பொருட்டுத் தன் அறையை ஒழித்துக் கொடுத்தல்.

1875ஆம் ஆண்டு கல்வி முற்றி, மால்டனுக்கு மீண்டு, முன் தாம் கற்ற ஊரிலேயே ஆசிரியரானார். பகலிலும் இரவிலும் கற்பித்ததோடு, தமக்கு முன்பு உதவிய தமையனார் ஜோனையும் ஏனையோர் பலரையும் ஆயத்தஞ்செய்து ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். 1879இல் ஹாம்ப்டனே இவரை ஆசிரியராக அழைத்தது.

டஸ்கீகி

1880ஆம் ஆண்டுத் தேர்தலிலே, அலபாமாச் சட்டசபைக்கு நின்ற ஒரு வெள்ளையர், டஸ்கீகியிற் கறுப்பினத்தாருடைய வாக்குகளை வேண்டி, முன்னாள் அடிமையும் தகரவேலைக்காரருமாகிய லூயிஸ் அடம்ஸ் என்பவரை அணுகினார். அடம்ஸ் தமக்கெனப் பொருள் கேட்டிலர். தம்மினத்தார்க்கு ஒரு பாடசாலை கேட்டார். வாக்குகள் அளிக்கப்பட்டன. 1881இல் ஆசிரியர் வேதனத்துக்காக ஆண்டுக்கு 2000 டொலர் கொடுக்கச் சட்டசபை இசைந்தது. டஸ்கீகிப் பாடசாலைக்கு மூலதனம் ஏழைகளின் வாக்குரிமை என்பதை வாசிப்போர் மனத்துட் கொள்வாராக. பின்னர் இதற்கு மீளுவாம்.

தலைவராகத் தெரியப்பட்டுச் சென்ற வாஷிங்டன் அங்கே கண்டது, வேதனத்துக்குரிய அத்தொகை ஒன்றே. நிலமில்லை, கட்டடமில்லை, ஒரு கரும்பலகைதானும் இல்லை. கோவிலையும், அதனையடுத்த சிதைந்த சிறுமனையையும் இரவல் வாங்கி, 1881 யூலை 4ஆம் நாள் முப்பது மாணாக்கருடன் தொடங்கினார். மழை பெய்தால், மாணாக்கனொருவன் தன் பாடத்தை நிறுத்தி, ஆசிரியர்மேற் குடைபிடித்து நிற்பன். சில கிழமைகளுள் ஒலிவியா டேவிட்சன் என்னும் அம்மையார் உதவியாசிரியையாக வந்து சேர்ந்தார்.

ஊர்ப்புறத்தே மாளிகை எரிந்துபோன பழைய தோட்டமொன்று நூறு ஏக்கர், விலை 500 டொலர், விற்பனைக்கு வந்தது. ஹாம்ப்டன் பொருளாளர் தம் சொந்தப்பணம் 250 டொலர் கடன் கொடுத்தார். அதனாலே தோட்டத்துட் புகுந்து, குதிரைலாயத்தையும் கோழிக்கூட்டையும் பெருக்கி வகுப்பறைகளாக்கினர். எஞ்சிய பணத்துக்கு டேவிட்சன் அம்மையார் டஸ்கீகியில் வீடுவீடாகச் சென்று, விருந்து விற்பனைக்காக அப்பமும் கோழியும் பணியாரமும் வேண்டினார். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் கொடுத்தனர். அக்காலத்தே எழுபது வயதளவினரான மூதாட்டியொருவர், கந்தலாயினும் தூய உடையுடன், கோலூன்றி வந்து, தம்மிடம் பணமில்லையென்று கூறி, தாம் சேர்த்துவைத்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் கல்விக்கென்று கொடுத்துச் சென்றார். பின்னாளிலே பெருஞ்செல்வர் பலரிடத்துப் பல்லாயிரம் டொலர் பெற்ற வாஷிங்டன், அவ்வாறு முட்டைபோலத் தம் உள்ளத்தைத் தொட்ட கொடை வேறில்லையென்றே கருதினார். ஹாம்ப்டன் கடன் மூன்று மாதத்துள்ளும், முழுவிலையும் ஐந்து மாதத்துள்ளும் தீர்ந்தன.

மாணாக்கர் கைகள்

நிலத்தைத் திருத்த வேண்டியபோது மாணாக்கர் பின்னின்றனர். அவருட் பலர் முன்னரே ஆசிரியத்தொழில் பார்த்தவர். கல்வி கற்பது மண்வெட்டியினின்று தப்புதற்கே என எண்ணியவர். வாஷிங்டன் அவரைக் கடிந்திலர். பாடம் முடிந்தபின் தாமே கோடரியெடுத்துக் காட்டினுட் சென்றார். ஆசிரியர் வெட்டுவதைக் கண்ட மாணாக்கர் தாமும் வந்தனர். இருபது ஏக்கர் வெளியாக்கப்பட்டுப் பயிரிடப்பட்டது.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். ஊரிற் செங்கற்சூளை இல்லை. சேற்றுக்குழியில் முழந்தாளளவு நின்று மண்பிசையும் வேலையை வெறுத்துச் சிலர் பாடசாலையை விட்டகன்றனர். முதற்சூளை பழுதாயிற்று, இரண்டாவதும் பழுதாயிற்று, மூன்றாவது எரிந்து முடியுந்தறுவாயில் இடிந்து விழுந்தது. கையிலே ஒரு டொலருமில்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தை மொன்ட்கொமரி நகரில் 15 டொலருக்கு அடகுவைத்து நான்காஞ் சூளையை இட்டார், அது வென்றது. கடிகாரம் மீட்கப்படவில்லை. நற்கல் வேண்டிப் பாடசாலையை அறியாத வெள்ளையரும் வந்தனர். வந்தவர் பகைமை குறைந்து கொள்வனவாளராயினர். 1900ஆம் ஆண்டளவில் நின்ற நாற்பது கட்டடங்களில் நான்கொழிந்தன யாவும் மாணாக்கர் கையாற் கட்டப்பட்டனவே.

முதலாண்டுகளின் வறுமையை மறைத்தல் தகாது. உணவு திறந்தவெளியில், நேரந் தப்பிச் சமைக்கப்பட்டது. ஒருநாட் காலை, உணவு கிடையாத மாணாக்கி ஒருத்தி நீராயினுங் குடிப்போமெனக் கிணற்றுக்குச் செல்ல, அங்கே கயிறு அறுந்து கிடந்தது. இப்பாடசாலையிலே தண்ணீருங் கிடையாதென்று அவள் நொந்து கூறியது, அருகில் நின்ற வாஷிங்டன் செவியில் விழுந்தது. தம் வாழ்நாளில் வேறெதுவும் தம்மை அவ்வாறு தளரச் செய்ததில்லையென இவர் பின்னர் நினைந்தார். குளிர்காலத்திற் போர்வை போதாமையால், இரவிற் பலமுறை எழுந்து மாணாக்கர் குடிசைகளுக்குச் சென்று அவரைத் தேற்றினார். அவர் நெருப்பைச் சூழ்ந்து ஒரு போர்வையுட் குந்தியிருத்தலைக் கண்டார். ஒருநாட் காலை, பனியால் ஊறுபட்டோர் கையுயர்த்துக என்றபோது மூன்று கைகள் உயர்ந்தன. முறைப்பாடோ எழவில்லை. ஆசிரியர் இயன்றதெல்லாஞ் செய்கின்றார் என்பதை அவர்கள் அறிந்திருந்தமையே காரணம். தலைவன் தன்னலங் கருதானென்று தெளிந்த மாணாக்கர் எதனையும் பொறுப்பர். அத்தெளிவில்லாவிடத்து நல்லுணவும் முறைப்பாட்டுக்கு ஏதுவாம்.

1884இல், பகலிற் பத்துமணிநேரந் தொழில்செய்து இரவில் இரண்டுமணிநேரங் கற்பதற்கு இராப்பாடசாலை பன்னிருவருடன் தொடங்கப்பட்டது. பணமின்மை காரணமாக எவரும் திரும்பிச் செல்லலாகாது என்பதே அதன் கருத்து. 1892 முதல், சுற்றுப்புறக் குடியானவரை ஆண்டுக்கொருமுறை அழைத்து, கடன், வீடு, பயிர், பிள்ளைகளின் பாடசாலை ஆகியவற்றை அவர் வாயாலே பேசச் செய்தார். மூன்று மாதமே நடக்கும் ஊர்ப்பாடசாலையை ஊரார் தம் பணத்தால் நீட்டித்தலும் அங்கே ஆராயப்பட்டது. 1896இல் ஜோர்ஜ் கார்வர் என்னும் பயிர்நூல் வல்லார் ஆசிரியராக வந்து, வேளாண்மைக் கல்விக்குப் பெரும்பெயர் தந்தார்.

புகழும் பழியும்

1895ஆம் ஆண்டு அட்லாண்டா நகரத்துக் கண்காட்சியில் வாஷிங்டன் செய்த பிரசங்கம் நாடெங்கும் இவர் பெயரைப் பரப்பியது. தம்மினத்தார் முதலிற் தொழிலும் பொருளும் தேடுக. சமத்துவத்துக்கு இப்பொழுது கிளர்ச்சி செய்யற்க என்பது அதன் சாரம். வெள்ளையர் மகிழ்ந்தனர், பொருள் குவிந்தது. 1896இல் ஹார்வர்ட் சர்வகலாசாலை கௌரவப் பட்டமளித்தது. 1901இற் சனாதிபதி ரூஸ்வெல்ட் தம் மாளிகையில் இவருடன் விருந்துண்டார்.

அதே 1901ஆம் ஆண்டில் அலபாமா மாகாணம் புதிய அரசியற்றிட்டம் வகுத்து, கறுப்பினத்தாரிற் பெரும்பாலாருடைய வாக்குரிமையைப் பறித்தது. எந்த வாக்குரிமையைக் கொடுத்து அடம்ஸ் டஸ்கீகியைப் பெற்றாரோ, அதுவே போயிற்று. உரிமையை விட்டுத் தொழிலைமாத்திரம் பற்றுவோர் இரண்டையும் இழப்பரென்று, டுபொய்ஸ் என்னும் பேரறிஞர் 1903ஆம் ஆண்டு தம் நூலொன்றில் வாஷிங்டனைக் கண்டித்தார். உயர்கல்வியைக் குறைத்து மதித்தல் தம்மினத்துக்குக் கேடென்பதும் அவர் கொள்கை. அக்கண்டனத்தில் உண்மை உண்டு. மேடையில் அடங்கிப் பேசிய வாஷிங்டன், வாக்குரிமைச் சட்டங்களை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவாகப் பொருள் கொடுத்தமை, இவரிறந்து பல்லாண்டுகளின்பின் இவருடைய கடிதங்களால் வெளியாயிற்று. வெளிப்படக் கூறினாற் பாடசாலை அழியும். கூறாதொழியின் உரிமை அழியும். இவ்விரண்டினிடையே நின்று இவர் பாடசாலையைத் தெரிந்துகொண்டார். அத்தெரிவு முழுவதும் சரியென்று நாம் கூறேம். அதன் விலை பெரிது. பிறர் தயவால் ஒரு பாடசாலையை நடத்துவோன் எவனும் அவ்விலையை ஒருநாட் கேட்கப்படுவான்.

இறுதியும் எச்சமும்

1912ஆம் ஆண்டு, சிக்காகோ நகரத்துப் பெருவணிகர் யூலியஸ் ரோசன்வால்ட் அளித்த பொருளில் மிகுந்த ஒரு பகுதியைக் கொண்டு, நாட்டுப்புறங்களில் ஆறு சிறு பாடசாலைகள் எடுக்க வாஷிங்டன் இசைவு பெற்றார். விதி ஒன்றே: ஊரார் தாமும் கொடுத்தல் வேண்டும், பணமில்லார் மரமும் நிலமும் உழைப்புங் கொடுக்கலாம். முதற்பாடசாலை 1913இல் எழுந்தது. அதற்கு ஏறக்குறைய 942 டொலர் சென்றது. ரோசன்வால்ட் கொடுத்தது அதில் 300 மாத்திரமே. ஏனையதை அவ்வூர்க் கறுப்பினத்தாரும் அயலிலுள்ள வெள்ளையரும் ஈடுசெய்தனர்.

1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க்கில் நோய்மிகுந்து வீழ்ந்த வாஷிங்டன், தாம் உழைத்த நாட்டிலேயே உயிர்விட விரும்பி, இரயிலேறி, டஸ்கீகியை அடைந்து, 14ஆம் நாள் அங்கே இறந்தார். குடைக்கீழ்த் தொடங்கிய பாடசாலையில் அப்பொழுது நூற்றின்மேற்பட்ட கட்டடங்களும், ஏறக்குறைய 1500 மாணாக்கரும், 200 ஆசிரியரும் இருந்தனர். இவர் உடல் அவ்வெல்லையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

இவரிறந்தபின்னும் அவ்வூர்ப்பாடசாலைத் திட்டம் வளர்ந்தது. குடியானவர் சிலர் தம் வயலில் ஒரு துண்டைப் பாடசாலைக்கென்று ஒதுக்கிப் பருத்தி விளைத்தனர். 1932ஆம் ஆண்டளவிற் பதினைந்து மாகாணங்களில் 4977 பாடசாலைகள் எழுந்தன. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களுஞ் சேர்த்துச் சென்ற செலவு ஏறக்குறைய 284 இலட்சம் டொலர். அதிற் பெரும்பகுதி அரசினர் வரிப்பணம். ரோசன்வால்ட் நிதி கொடுத்தது ஏறக்குறைய 44 இலட்சம். வாக்குரிமையும் வளமுமில்லாத அக்கறுப்பின மக்கள், வரிக்குமேல், தம் கையாற் கொடுத்தது ஏறக்குறைய 47 இலட்சம். செல்வன் கொடுத்ததினும் ஏழைகள் கொடுத்தது மிகுதியென்பதைக் கணக்கே காட்டுகின்றது.

ஆசிரியர்காள், இச்சரித்திரத்திற் கொள்ளத்தக்கது இது. ஏழைப் பெற்றோரிடத்தே பாடசாலைக்கென ஒன்று கேட்க நாம் நாணுகின்றோம். அவர் வறுமையை நோக்கி அவ்வாறு செய்வதாக எண்ணுகின்றோம். வாஷிங்டனோ கேட்டார். கேட்குமுன் தாம் கோடரி எடுத்தார். தம் கடிகாரத்தை அடகுவைத்தார். ஆறு முட்டை கொடுத்த மூதாட்டிக்கு அப்பாடசாலை பிறருடைய தருமமன்று; தன் உடைமை. அவ்வுரிமையை ஏழைக்கு மறுப்பது இரக்கமாகாது. கொடுக்கப்படும் பொருள் சிறிதாயினும், கொடுப்பவர் தொகை பெரிதாகுக. அத்தகைய பாடசாலை, செல்வர் கை சுருங்கும் நாளிலும் அரசினர் மனம் மாறும் நாளிலும், ஊரார் தோளிலே நிற்கும்.